அதிர்ச்சி எதுவும் தரக் கூடாது

என் நைனாவின் ரத்த அழுத்தம் எட்டு மாதம் அருமையாக இருந்தது. காலையில் நூற்று இருபத்தெட்டு, மாலையில் நூற்று இருபத்திரண்டு. எண்பத்தொன்பது வயது ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று டாக்டரிலிருந்து தயிர்க்காரம்மா வரை எல்லாரும் சொன்னார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டேன். அந்த எட்டு மாதத்தில் அவருக்கு நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் மனசு லேசாகும் என்கிற நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது. வேறு யாராவது தன் வீட்டுப் பெரியவருக்கு இதே வேலையைச் செய்துகொண்டிருந்தால் நிறுத்தட்டும், அவ்வளவுதான்.

ராயபுரத்தில், துறைமுக மதில் சுவரிலிருந்து நாலாவது தெருவில் இருக்கிறோம். நானும் நைனாவும் மட்டும். அம்மா போய் ஆறு வருடம். என் வீட்டுக்காரர் போய்ப் பன்னிரண்டு வருடம். மகள் பெங்களூரில், தம்பி கோயம்புத்தூரில். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கும் பிரஷர் உண்டு, நானும் மாத்திரை போடுகிறேன். எங்கள் குடும்பத்தில் அது மூக்கு, முழி மாதிரி வழிவழியாக வருவது.

நைனா துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் டிரைவராக இருந்தவர். கிரேன் டிரைவர் என்றால் உயரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு தூக்குவார் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பலின் வயிற்றுக்குள் மூட்டை எங்கே கிடக்கிறது, கொக்கி எதற்கு மேலே தொங்குகிறது, அடியில் ஆள் நிற்கிறானா, எதுவும் கூண்டில் இருப்பவருக்குத் தெரியாது. கப்பல் தட்டின் விளிம்பில் ஒருவர் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, கையை மடக்கியும் நீட்டியும் காட்டுவார். அந்தக் கை சொன்னபடிதான் கிரேன் இறங்கும், ஏறும். நைனாவுக்கு இருபத்து நாலு வருடம் அப்படிக் கை காட்டியவர் எங்களுக்குப் பக்கத்துத் தெருக்காரர். நைனா அவரை சிக்னலு என்பார். அவர் நைனாவை டிரைவரு என்பார். சொந்தப் பேரைச் சொல்லி ஒருவரையொருவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்கு அவர் சிக்னல் மாமா.

வேலை ஓய்ந்த பிறகும் இரண்டு பேருக்கும் டியூட்டி இருந்தது. சாயங்காலம் நாலு மணி ஆனால் மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிடுவார். எங்கள் கேட்டுக்கு உள்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஆறரை மணி வரை பேச்சு. மொத்தம் ஒரு பத்துக் கதை இருக்கும், அதையே மாற்றி மாற்றிச் சொல்வார்கள். நடுவில் தெருமுனையில் கண்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் முக்கினால் இரண்டு பேரும் சேர்ந்து அந்த டிரைவரைத் திட்டுவார்கள். நைனாவுக்கு உப்பு ஆகாது என்று நான் வீட்டில் ஊறுகாய் ஜாடியை ஒளித்துவைத்தால், மாமா வறுத்த நெத்திலிக் கருவாட்டைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. தெரு முழுக்க மணக்கும் பொருளை எப்படி ஒளிக்க முடியும்? நான் கத்துவேன். இரண்டு கிழங்களும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாதிரி தலையைக் குனிந்துகொள்வார்கள். மறுநாளும் கருவாடு வரும்.

சண்டை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. டீக்கடைக்காரர் வந்திருந்தார், எதிர்வீட்டு ஆள் இருந்தார். நைனா தன் கிரேன் பிரதாபத்தை அவர்களுக்கு எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மாமா அன்றைக்கு என்ன நினைத்தாரோ, சிரித்துக்கொண்டே ஒன்று சொல்லிவிட்டார்.

"நா கை காட்டலன்னா நீ ஒரு சாக்குகூட தூக்கியிருக்க மாட்ட டிரைவரு."

எல்லாரும் சிரித்தார்கள். நைனாவுக்கு மூக்கின் மேல் கோபம் வரும். எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"இனிமே என் வாசல மிதிச்சினா மருவாத கெட்டுடும்."

மாமா தடியை எடுத்துக்கொண்டு போனார். அன்றிரவு சாப்பிடும்போது நைனாவுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. தட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்ததைப் பார்த்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆட்டோ பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். இருநூற்றுப் பத்து என்றார்கள். மூன்று நாள் வைத்திருந்து, மாத்திரையைக் கூட்டி, செவ்வாய்க்கிழமை அனுப்பினார்கள். சீட்டு எழுதிய டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். உப்பு கூடாது, மாத்திரை தவறக் கூடாது, தினமும் இரண்டு வேளை பிரஷர் பார்க்கணும், அதிர்ச்சி எதுவும் தரக் கூடாது என்றார். வீட்டுக்கு அனுப்புகிற எல்லா நோயாளிக்கும் அதைத்தான் சொல்கிறார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் அதைக் கோயில் வாக்கு மாதிரி வாங்கிக்கொண்டேன்.

வழியிலேயே மிஷின் வாங்கினேன். கையில் பட்டையைச் சுற்றிப் பட்டனை அமுக்கினால் தானாக ஊதி எண்ணைக் காட்டும். குடும்ப வாட்சப் குரூப்பில் காலையும் மாலையும் அந்த எண்ணைப் போட வேண்டும் என்பது தம்பியின் கட்டளை. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அப்பாவைக் கவனிக்க அவனுக்கு அது சௌகரியமாக இருந்தது.

புதன்கிழமை நாலு மணிக்குச் சிக்னல் மாமா வந்தார். கேட்டுக்கு வெளியே, ரோட்டிலேயே நின்றார். நான் வாசல் கொடியிலிருந்து காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. கருவாடு, கத்தல், தட்டில் விழுந்த ரத்தம் எல்லாம் இந்த மனிதரால் வந்ததுதான் என்று தோன்றியது. நைனா உள்ளே தூங்குகிறார், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றேன். நைனா தூங்கவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"வாசல மிதிக்க வாணாம்னுட்டான், அதான் இங்கியே நிக்கறேன். ஜன்னலாண்ட வந்து மூஞ்ச காட்ட சொல்லும்மா, பூட்றேன்."

முடியாது மாமா, அவரைப் பார்த்தால் பேச்சு வளரும், பிரஷர் ஏறும், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்தே இருந்தது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா தடியை மாற்றி ஊன்றிக்கொண்டார்.

"சரி. நா வந்தேன்னு மட்டும் சொல்லிடும்மா."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. மறந்துபோகவில்லை. சொன்னால் உடனே கூப்பிடு என்பார், மறுபடியும் கச்சேரி ஆரம்பிக்கும் என்று வேண்டுமென்றேதான் விட்டேன்.

சனிக்கிழமை காலையில் மாமாவின் மகன் போன் செய்தான். பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். நான் ஒரு மாலை வாங்கிக்கொண்டு போனேன். ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நான் அழுதேன், அது உண்மையான அழுகைதான். அழுதுகொண்டே, இதை நைனாவிடம் எப்படி மறைப்பது என்று யோசித்துக்கொண்டும் இருந்தேன்.

சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. பின்பக்கமாக வந்து குளித்தேன். பகல் பதினோரு மணிக்கு ஈரத் தலையோடு வந்த என்னை நைனா பார்த்தார். எங்கள் பக்கத்தில் இந்த ஒரு விஷயம் போதும், யாரோ போய்விட்டார்கள் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். தண்ணி லாரி இப்பதான் வந்தது, அதான் குளியல் நேரம் தள்ளிப்போச்சு என்றேன். அவர் நம்பினார். அதற்கு முன்னால் நான் அவரிடம் பெரிதாகப் பொய் சொன்னதில்லை, நம்பாமல் என்ன செய்வார்?

மறைக்க வேண்டியது நிறைய இருந்தது. எங்கள் தெரு முனையில் கட்டவிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரை மாமா வீட்டுத் தெருவிலேயே கட்டச் சொன்னேன். டீக்கடைக்காரர், தயிர்க்காரம்மா, எதிர்வீடு, ஒவ்வொருவரிடமும் போய் நைனாவின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். பெரியவர் உயிர் விஷயம் என்றதும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். எவ்வளவு நல்லவர்கள் என்று அன்றைக்கு எனக்கு நெகிழ்ச்சியாக வேறு இருந்தது.

மிச்சம் இருந்தது ஊர்வலம். எங்கள் பக்கத்துச் சாவு ஊர்வலம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேளம், பட்டாசு, ரோடு முழுக்கப் பூ. சுடுகாட்டுக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். அதிலும் செத்தவருக்கு வேண்டப்பட்டவர் வீடு வந்தால் பல்லக்கைச் சற்று நிறுத்துவார்கள். வீட்டிலிருப்பவர்கள் வெளியே வந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கும்பிட்டு அனுப்புவார்கள். நான் மாமாவின் மகனிடம் போய், தெரு மாற்றிக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டேன். அவனுக்கு முகம் மாறிவிட்டது.

"இன்னாக்கா இது. எங்க நைனா உங்க வூட்டாண்ட நிக்காம எப்டிக்கா போவாரு?"

என் நைனாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று அழ ஆரம்பித்தேன். அந்தப் பிள்ளை தன் அப்பாவைத் தூக்கக் காத்திருக்கிற நேரத்தில் என்னைச் சமாதானப்படுத்தினான். சரி என்றான். ஆனால் மேளக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மூன்று மணிக்குச் சத்தம் எங்கள் தெருவை நோக்கியே வந்தது. நைனாவின் அறையில் டிவியை உச்சத்தில் வைத்துவிட்டு முனைக்கு ஓடினேன். நடு ரோட்டில் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். மேளம் நின்றது. பூப்பல்லக்கைத் தூக்கி வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாகத் திருப்பிக்கொண்டு, அடுத்த தெரு வழியாக, சத்தமில்லாமல் போனார்கள். முனையில் விழுந்திருந்த பூவை நான் துடைப்பம் எடுத்துவந்து பெருக்கினேன். அன்று மாலை நூற்று நாற்பத்தாறு. பரவாயில்லை என்று தம்பி எழுதினான்.

பத்து நாள் கழித்து நைனா கேட்டார். வீம்பு பிடித்தவர், அதுவரை கேட்கவில்லை. கேட்டபோதும் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"சிக்னலு வந்தானா?"

ஆவடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், இனிமேல் அங்கேதானாம் என்றேன். தயாராக வைத்திருந்த பதில். போகும்போது ஏதாவது சொன்னானா என்று கேட்டார். திடீரென்று கிளம்ப வேண்டியதாகிவிட்டதாம் என்றேன். ஓ என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேரையே எடுக்கவில்லை. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். இருபத்து நாலு வருடம் கை காட்டியவர், ஐம்பது வருடப் பழக்கம், ஒரு வார்த்தைக் கோபத்துக்காகச் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டே போய்விட்டார் என்று ஒரு கிழவரிடம் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. சாவைவிட லேசான பொய்யாகத்தான் அது எனக்குப் பட்டது.

முதலில் நாலு மணிக்கு நாற்காலியில் உட்காருவதை நிறுத்தினார். பிறகு பேப்பர். பிறகு சவரம். இட்லி கல்லாக இருக்கிறது என்று ஐம்பது வருடம் குறை சொன்னவர், உப்பில்லாத கஞ்சியைக் கொடுத்தாலும் வாயைத் திறந்தார். பாதியில் போதும் என்று கையைக் காட்டுவார். லாரி ஹாரன் அடித்தால் திட்டுவதில்லை. பகலெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார், தூங்குகிறாரா இல்லையா என்று தெரியாது. வேட்டி நெகிழ்ந்தால் சரிசெய்ய மாட்டார். கோபமே இல்லை. குழந்தை மாதிரி ஆகிவிட்டார் என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். சந்தோஷமாகவே சொன்னேன். கத்தாத அப்பாவை என் வாழ்நாளில் அப்போதுதான் பார்த்தேன், எனக்கு அது வசதியாக இருந்தது. எண்ணும் இறங்கிக்கொண்டே வந்தது. குரூப்பில் தம்பி, அத்தை, மகள் எல்லாரும் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். வயசானால் அப்படித்தான் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

எட்டாவது மாதக் கடைசியில் எடை பார்த்தபோது பதினோரு கிலோ குறைந்திருந்தது. அப்போதுதான் பயந்தேன். பெரியாஸ்பத்திரியில் முதியவர்களுக்கென்று தனியாக ஒரு நாள் பார்க்கிறார்கள். எதிர்வீட்டு ஆள் ஆட்டோவில் ஏற்றிவிட, அங்கே சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுபோனேன். கூட்டத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ஒரு அம்மா டாக்டர், ஐம்பது வயதிருக்கும். நான் எட்டு மாதத்து எண்களை நோட்டில் எழுதி வைத்திருந்ததை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். என்னைப் பேச விடவில்லை. நைனாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாள் முழுக்க என்ன பண்றீங்க ஐயா என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. இருந்துகினு கீறேன்."

எதுக்காவது ஆசையா இருக்கா என்று கேட்டார். நைனா இல்லை என்று தலையாட்டினார். காலையில் கண்ணைத் திறக்கும்போது என்ன தோன்றும் என்று கேட்டார். இன்னுமா என்று தோணும் என்றார் நைனா.

பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிரஷர் ரொம்ப நன்றாக இருக்கிறது, சொல்லப்போனால் இந்த வயசுக்குத் தேவைக்கு மேலேயே இறங்கியிருக்கிறது, மாத்திரையைக் குறைக்கப்போகிறேன் என்றார். வந்திருப்பது மனச்சோர்வு என்றார். எனக்குக் கோபம் வந்தது. எண்பத்தொன்பது வயதில் எதற்கு மனச்சோர்வு, பெண் பார்க்கணுமா, வேலை தேடணுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இந்த வயசில்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை, எல்லாவற்றையும் வயசு என்று சொல்லிவிடுகிறீர்கள் என்றார். எப்போது ஆரம்பித்தது, வீட்டில் ஏதாவது நடந்ததா என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், புதன்கிழமை கேட்டில் நடந்ததை விட்டுவிட்டு.

அவருக்கு மாத்திரை தருகிறேன், ஆனால் நீங்கள் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்றார் டாக்டர். அதிர்ச்சியில் ஏதாவது ஆகிவிட்டால் என்று கேட்டேன்.

"இப்ப மட்டும் என்ன ஆயிட்டிருக்குன்னு நினைக்கிறீங்க?"

தம்பிக்குப் போன் செய்தேன். எட்டு மாசம் தாண்டியாச்சு, கிளறாதே, ஏதாவது ஆனால் நீதான் பொறுப்பு என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் இடது கையில் பட்டையைச் சுற்றிவிட்டுச் சொன்னேன். பக்கத்தில் தண்ணீரும், அவசரத்துக்கு என்று முதல் டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையும். முதலில் ஒரு முறை பார்த்தேன், நூற்று இருபத்தாறு. சிக்னல் மாமா ஆவடிக்குப் போகவில்லை நைனா, இறந்துபோய்விட்டார் என்று சொல்லிவிட்டுப் பட்டனை அமுக்கினேன். மிஷின் உறுமிக்கொண்டு ஊதியது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்று முப்பத்திரண்டு. எட்டு மாதம் ஊரையே வாயடைக்கச் செய்து காப்பாற்றிய சேதிக்கு ஆறே ஆறு எண்தான் ஏறியது.

எப்போ என்று கேட்டார். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அஞ்சாம் நாள் என்றேன். மெதுவாக விரலை மடக்கி எண்ணினார். அவர் அழுவார், என்னைத் திட்டுவார், ஏன் மறைத்தாய் என்று கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்போ நாலு நாளு உசுரோடதான் இருந்துகிறான். பக்கத்துத் தெருவு. நாலு நாளும் வரல பாரு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சாவு அவருக்குப் பெரிய விஷயம் இல்லை. அவர் வயதில் கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருப்பதை இருபது வருடமாகப் பார்த்துவிட்டார். எட்டு மாதம் அவரைத் தின்றது, தான் உயிருக்குப் போராடிவிட்டு வந்தும் அவன் எட்டிப் பார்க்கவில்லை என்பது. தான் சொன்ன ஒரு வார்த்தையை அவன் மனசில் வைத்துக்கொண்டான் என்பது. நான் சொன்ன உண்மை அதில் ஒரு பிசிரைக்கூட எடுக்கவில்லை. கோபத்தோடேயே செத்தும் போனான் என்று அதை இன்னும் கெட்டியாக்கிவிட்டது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். டாக்டர் சொல்லச் சொன்னதைச் சொல்லியாகிவிட்டது. மாமா கேட்டுக்கு வந்தது எனக்கும் டீக்கடையில் இரண்டு பேருக்கும்தான் தெரியும், அவர்களுக்கும் மறந்திருக்கும். கொஞ்ச நேரம் நிஜமாகவே நிறுத்திவிடத்தான் பார்த்தேன். பட்டையைக் கழற்றப் போனேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பத் தொடங்கினார். அந்த முதுகைப் பார்க்க என்னால் முடியவில்லை.

வந்தார் நைனா என்றேன். நீ வந்த மறுநாளே வந்தார், வாசலை மிதிக்கக் கூடாதென்று ரோட்டிலேயே நின்றார், ஜன்னலில் உன் முகத்தைக் காட்டச் சொன்னார், நான்தான் துரத்திவிட்டேன், வந்தேன் என்று மட்டும் சொல்லச் சொன்னார், அதையும் நான் சொல்லவில்லை என்றேன். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். நைனா திரும்பி என்னைப் பார்த்தார். ரோட்டில் எந்த இடத்தில் நின்றான் என்று கேட்டார். காட்டினேன். என்ன சட்டை என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். தடி வைத்திருந்தானா என்றார். ஆமாம், நடந்துதான் வந்தார் என்றேன்.

பிறகு, எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். முனைவரை வந்துவிட்டார்கள், நான் நடு ரோட்டில் நின்று திருப்பி அனுப்பினேன் என்று. அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்கக் கையைத் தூக்கியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்போ ரெண்டு தபா வந்துகிறான்."

அதை என்னிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. பட்டையைக் கழற்று என்றார். சொக்காவைக் கொண்டா என்றார்.

மாமா வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். படத்தையாவது பார்க்கவேண்டும். நான் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுவிட்டேன். தோளெலும்பு குத்தியது. பட்டன்களை அவரே போட்டுக்கொண்டார், ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்தது, நான் கை வைக்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு அடி எடுத்து வைத்தார். அடுத்த அடிக்குக் கால் வரவில்லை. நான் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார். எட்டு மாதம் படுத்தே கிடந்ததில் காலில் சதையே இல்லை. கட்டிலில் உட்கார்த்தினேன். இன்னொரு தடவை எழுந்து பார்த்தார். மூன்றாவது தடவை எழ முயற்சி மட்டும் செய்தார்.

மாமா வீடு எங்கள் கேட்டிலிருந்து எழுபது, எண்பது தப்படிதான். ஆட்டோ கூப்பிடுகிறேன் நைனா, அவர் மகனும் நானும் கைத்தாங்கலாக ஏற்றிவிடுகிறோம் என்றேன். அவர் தன் இரண்டு முழங்கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் நடந்துல்ல வந்தான்."

சாவைச் சொன்னபோது அழாதவர் அப்போது அழுதார். வாயைத் திறந்து, சத்தம் போட்டு, வெள்ளைச் சட்டை நனைய அழுதார். நான் அவர் பக்கத்தில் உட்காரப் போனேன். கையைக் காட்டி வேண்டாம் என்றார்.